செயின்ட் பாலில் ஓர் இறால் போ-பாய்

ரொட்டி ஒருவழியாக வந்துவிட்டது. கத்தியை வைத்ததும் மேலோடு சடசடவென்று நொறுங்கி, மேசை முழுக்கச் செதில் செதிலாகச் சிதறுகிறது. உள்ளே மெத்தென்று, அழுத்தினால் படிந்துபோகும் அளவுக்கு லேசாக இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பாலுக்குக் குடிவந்த பிறகு நான் தேடிக்கொண்டிருந்த போ-பாய் சாண்ட்விச் ரொட்டி இதுதான். கடைகளில் தேடி, வீட்டில் பொரித்து, மாவு பிசைந்து இங்கே வந்து சேர்ந்த வழியை வரிசையாக எழுதி வைக்கிறேன். எடைகள் கிராமில், சூடு ஃபாரன்ஹீட்டில். இங்கே ஓவன் காட்டுவது அதைத்தான்.

போ-பாய் சாப்பிட்டிராதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நீளமான பிரெஞ்சு ரொட்டியை நெடுக்காகப் பிளந்து, மேயனேஸ் தடவி, மெல்லிசாக நறுக்கிய லெட்டூஸ், தக்காளி வில்லை, டில் பிக்கிள் (உப்பும் காடியும் சேர்த்து ஊறவைத்த வெள்ளரி) பரப்பி, பொரித்த இறாலோ சிப்பியோ கெளுத்தியோ பக்கவாட்டில் வழிகிற அளவுக்குத் திணித்துக் கொடுப்பார்கள். கடையில் 'டிரெஸ்டு' என்று சொன்னால் இந்த மேயனேஸ், லெட்டூஸ், தக்காளி, பிக்கிள் எல்லாம் உண்டு. சொல்லாவிட்டால் வெறும் ரொட்டியும் இறாலும்தான். 1929 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பென்னி மார்ட்டின், குளோவிஸ் மார்ட்டின் என்ற சகோதரர்கள் முன்னாள் டிராம் கண்டக்டர்கள், அப்போது பிரெஞ்சு மார்க்கெட் பக்கம் உணவுக்கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். பழைய தோழர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுவோம் என்று அறிவித்தார்கள். பசியோடு வந்தவர்களை 'இதோ இன்னொரு ஏழைப் பையன்' (ஆங்கிலத்தில் 'புவர் பாய்', பேச்சில் 'போ-பாய்') என்று சொல்லி வரவேற்றதில் பெயர் நிலைத்தது என்பார்கள் ஊரில்.

அந்தக் கதையில் என் மனதில் நிற்பவர் ஜான் ஜென்டூசா என்கிற ரொட்டிக்காரர். சாதாரண பிரெஞ்சு ரொட்டி இரண்டு முனையிலும் கூம்பிவிடும், அந்த முனைகளில் எதையும் வைக்க முடியாது. மார்ட்டின் சகோதரர்களுக்காக அவர் 40 அங்குல நீளத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பருமனாக ரொட்டி போட்டுக் கொடுத்தார். எங்கே வெட்டினாலும் ஒரே அளவு, முனைத்துண்டு என்று எதுவும் வீணாகாது. ஊரில் இன்றைக்கும் பல கடைகளுக்கு ரொட்டி தருவது லைடன்ஹைமர். 1896-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் தொடங்கிய பேக்கரி. அங்கே இருந்த காலத்தில் ரொட்டியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, அது எப்போதும் இருந்தது.

செயின்ட் பால், மினியாபொலிஸ் இரண்டு ஊரிலும் போ-பாய் என்று பெயர்ப்பலகையில் போட்ட இடங்களுக்கெல்லாம் போனோம். ஓரிடத்தில் வெண்ணெய் வழியும் இனிப்பு பிரியோஷ் பன். இன்னோரிடத்தில் ஹோகி ரோல், மெதுமெதுவென்று, மேலோடு என்பதே இல்லாமல். இறாலுக்கு பீர் கலந்த மாவு, பஜ்ஜிபோலத் தடிமனாக. கடித்தால் மாவு ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம். அதன்மேல் ஏதோ ஆரஞ்சு நிறச் சாஸ். இதற்கு 19 டாலர். ஒரே ஒரு கடையில் ரொட்டி உண்மையிலேயே லூசியானாவிலிருந்து உறைந்த நிலையில் வந்தது. கல்லாவில் நின்றவர் பெருமையாகச் சொன்னார், எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் சமையலறையில் அதை மைக்ரோவேவில் சூடாக்கியிருந்தார்கள். இழுத்தால் ரப்பராக வந்தது. நல்ல ரொட்டி அங்கே வரைக்கும் பயணம் செய்து கடைசி ஒரு நிமிடத்தில் கெட்டுப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அன்றைக்குத்தான் வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் இறால் விஷயத்தை எடுத்துக்கொண்டேன். சூப்பர்மார்க்கெட் ஃப்ரீசரில் மலிவாகக் கிடைக்கும் பையைத் திருப்பிப் பார்த்தால் 'பண்ணையில் வளர்த்தது, இந்தியா' என்று இருக்கும். அமெரிக்காவுக்கு மிக அதிகமாக இறால் அனுப்புவது நம் நாடுதான், அதில் பெரும்பங்கு ஆந்திரப் பண்ணைகளின் வன்னாமி வகை இறால். ஊர்ப்பொருளைப் பார்த்த சந்தோஷத்தில் முதல் தடவை அதைத்தான் வாங்கினேன். சாதுவான, லேசான இனிப்புள்ள இறால், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெக்சிகோ வளைகுடாவில் வலைபோட்டுப் பிடிக்கும் இறாலில் ஒரு கடல் வாடை உண்டு. அயோடின் கலந்த மாதிரி, மூக்கில் லேசாக ஏறும். சதையும் இன்னும் இறுக்கம். போ-பாயின் சுவை அதில்தான் இருக்கிறது. லூசியானாவில் 2019-லிருந்து உணவகங்கள் வெளிநாட்டு இறாலைப் பரிமாறினால் வாடிக்கையாளருக்குத் தெரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே படகு வைத்திருப்பவர்கள் மலிவான இறக்குமதியோடு போட்டிபோட முடியாமல் திண்டாடுவதை அங்கே இருந்தபோது நேரில் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தச் சாண்ட்விச்சுக்கு மட்டும் வளைகுடா இறால் என்று வைத்துக்கொண்டேன். தலை நீக்கி ஓட்டோடு உறைந்தது, பவுண்டு 13 டாலர். பண்ணை இறாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை.

அளவு முக்கியம். பொட்டலத்தில் 41/50 என்று இருந்தால் ஒரு பவுண்டுக்கு அத்தனை இறால் என்று பொருள். பெரிய இறால் பார்க்க அழகு, ஆனால் கடித்தால் முழுசாக வெளியே இழுத்துக்கொண்டு வரும். 41/50 சரியாக இருக்கிறது, ஒரு கடிக்கு ஒன்றரை இறால். உரித்து, முதுகுக் குடலை எடுத்து, வாலையும் கிள்ளிவிட வேண்டும். சாண்ட்விச்சுக்குள் வால் விடக்கூடாது. உரித்த பிறகு காகிதத்துண்டில் ஒற்றி எடுப்பதை நான் அவசரத்தில் விட்டுவிடுவதுண்டு. ஈரம் இருந்தால் மேல்மாவு களியாகிறது.

மாவு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே சமையல் குறிப்புகளில் 'கார்ன் ஃப்ளவர்' என்று வருவது நாம் சூப்பில் கரைத்து ஊற்றும் வெள்ளைப் பொடி அல்ல. மஞ்சள் மக்காச்சோளத்தை மைபோல அரைத்த மாவு. நம் வெள்ளைப் பொடியை இங்கே 'கார்ன் ஸ்டார்ச்' என்பார்கள். ரவைபோல இருக்கும் கார்ன் மீலும் தனியாக வேண்டாம், பல்லில் மணல் நெருடும். மெக்சிகோக் கடையில் கிடைக்கும் மாசா மாவும் வேறு, அது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளம், வாசனை மாறிவிடும். நியூ ஆர்லியன்ஸ் வீடுகளில் ஜாட்டரெய்ன்ஸ் ஃபிஷ் ஃப்ரை என்ற தயார் மேல்மாவுப் பெட்டி இருக்கும், அது கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். நான் கலப்பது இப்படி: மஞ்சள் சோளமாவு 200 கிராம், மைதா 100 கிராம், உப்பு 8 கிராம், கயேன் மிளகாய்ப்பொடி ஒரு தேக்கரண்டி, பூண்டுப்பொடி ஒரு தேக்கரண்டி, மிளகுப்பொடி அரைத் தேக்கரண்டி. இறாலை ஒரு முட்டை, கால் கப் பால், ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் கடுகுச் சாஸ், கொஞ்சம் கிரிஸ்டல் ஹாட் சாஸ் அடித்த கலவையில் 15 நிமிடம் போட்டு, வடித்து, மாவில் புரட்டி, அதிக மாவை உதறிவிட வேண்டும். நம் மிளகாய்ப்பொடியையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ருசி அருமை, ஆனால் அது இறால் வறுவல் ஆகிவிட்டது.

எண்ணெய்: 5 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) கனமான வார்ப்பிரும்புப் பாத்திரம், அதில் 2 குவார்ட் கடலை எண்ணெய், விளிம்பில் மாட்டும் தெர்மாமீட்டர். 365 டிகிரியில் தொடங்கி, ஒரு தடவைக்கு 12 இறாலுக்கு மேல் போடுவதில்லை. இருபது போட்டால் ஊசி 320-க்கு இறங்கி, ஏறி வருவதற்குள் மாவு எண்ணெயைக் குடித்துவிடுகிறது. 12 என்றால் 340-க்குக் கீழே போவதில்லை. இரண்டு நிமிடம் போதும். சலசலப்பு அடங்கத் தொடங்கும்போது ஜல்லிக்கரண்டியால் அள்ளிக் கம்பி வலைமேல் பரப்ப வேண்டும். காகிதத்தில் கொட்டினால் அடிப்பக்கம் ஆவியில் நமத்துப்போகும்.

வீடு முழுக்க எண்ணெய் வாசனை சுற்றுகிறது என்று ஒரு ஜனவரி மாதம் பின்பக்கம் திறந்தவெளியில் புரொப்பேன் அடுப்பை வைத்துப் பொரித்துப் பார்த்தோம். வான்கோழி பொரிப்பதற்கென்று இங்கே விற்கும் அடுப்பு அது. அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. அந்தக் குளிரில் சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ சோம்பலாக எரிகிறது, பாத்திரத்தின் பக்கங்களைக் காற்று குளிரவைக்கிறது, இறால் போட்டதும் இறங்கிய சூடு ஏறவே இல்லை. கணவர் கையுறையோடு தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து, "உள்ள போயிடலாம்மா, இது 300-ஐத் தாண்டாது" என்றார். மே மாதம் முதல் அக்டோபர் வரை வெளியே, மற்ற மாதங்களில் உள்ளே ஜன்னலைத் திறந்துவைத்து என்பது இப்போது வழக்கம்.

இவ்வளவும் சரியானதும், கடையில் வாங்கிய பகெட் என்ற நீளப் பிரெஞ்சு ரொட்டியில் வைத்து, அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மெட்டெரியில் பிறந்து வளர்ந்தவர். மரியாதைக்காக எதையும் புகழாதவர், அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார். "இறால் எங்க ஊரு. ரொட்டி வேற ஊரு" என்றார்.

அவர் சொன்னது எங்கே இடிக்கிறது என்பதைக் கடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பகெட்டின் மேலோடு தடிப்பு, பல்லைக் கடினமாக அழுத்த வேண்டும். அழுத்தும்போது இறால் பின்பக்கமாகப் பிதுங்கி விழுகிறது. மேலண்ணமும் கீறிக்கொள்கிறது. போ-பாய் ரொட்டி பல் பட்டதும் உடைந்து வழிவிட வேண்டும்; இறாலின் மொறுமொறுப்பும் ரொட்டியின் மொறுமொறுப்பும் ஒரே நேரத்தில் நொறுங்க வேண்டும்.

ரொட்டியில் நான் முதலில் எடுத்த திசையே எதிர்த்திசை. ரொட்டி நன்றாக வரவேண்டுமென்றால் மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க மெதுவாகப் புளிக்கவிட வேண்டும், தண்ணீர் தாராளமாகச் சேர்க்க வேண்டும், ஈஸ்ட் கொஞ்சமாகப் போட வேண்டும் என்று எங்கும் சொல்கிறார்கள். அப்படியே செய்தேன். 500 கிராம் பிரெட் ஃப்ளவருக்கு (ரொட்டிக்கென்று விற்கும், புரதம் கூடிய கோதுமை மாவு) 360 கிராம் தண்ணீர், 2 கிராம் ஈஸ்ட். வந்தது அருமையான ரொட்டி, பெரிய பெரிய துளைகளோடு, ஆழ்ந்த பழுப்பு நிறத்தில். வெண்ணெய் தடவிச் சாப்பிட அதைவிட நல்லது கிடையாது. போ-பாய்க்கு உதவாது. துளைகள் வழியாக மேயனேஸ் ஒழுகி மடியில் விழுகிறது, மேலோடு பகெட்டைவிடக் கடினம்.

பிறகு எல்லாவற்றையும் திருப்பிப்போட்டேன். தண்ணீரைக் குறைத்தேன், ஈஸ்டை 8 கிராமாக ஏற்றினேன், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு. ஒரே மாலையில் பிசைந்து சுட்டு முடித்தேன். உள்பகுதி நெருங்கி வந்தது. மேலோடு மெல்லிசாகவும் ஆனது. ஆனால் ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் தொய்ந்து, பன்போல ஆகிவிடுகிறது. இந்த இடத்தில் நீண்ட நாள் நின்றுவிட்டேன். சூட்டை ஏற்றினேன், இறக்கினேன், கொழுப்பை மாற்றினேன். பாலைச் சேர்த்தது வீண்வேலை, இன்னும் மென்மையானது.

வழி கிடைத்தது யூனிவர்சிட்டி அவென்யூவில். செயின்ட் பாலில் வியட்நாம், மொங் குடும்பங்களின் கடைகள் நிறைந்த சாலை அது. அங்கே ஒரு சின்ன வியட்நாம் பேக்கரியில் பான் மீ என்ற அவர்கள் ஊர்ச் சாண்ட்விச்சை வாங்கிக் காரிலேயே பிரித்துக் கடித்தேன். மேலோடு நொறுங்கி மடி முழுக்கத் தூள். உள்ளே பன்றி இறைச்சியும் கேரட் ஊறுகாயும் கொத்தமல்லியும் இருந்ததால் உடனே உறைக்கவில்லை. பாதியில்தான் ரொட்டியை மட்டும் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தேன். இது எனக்குத் தெரிந்த ரொட்டி.

தெரிந்திருக்க வேண்டியதுதான். 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்து வந்த நிறையக் குடும்பங்கள் நியூ ஆர்லியன்ஸின் கிழக்குப் பகுதியில் குடியேறின. அங்கே செஃப் மென்டியர் நெடுஞ்சாலையில் 1982-லிருந்து இருக்கிறது டாங் ஃபுவாங் பேக்கரி. 2018-ல், அமெரிக்க உணவுத்துறையின் பெரிய விருதுகளைத் தரும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' விருது பெற்றது. கார்னிவல் காலத்தில் அவர்களுடைய கிங் கேக்குக்கு நிற்கும் வரிசை ஊரறிந்தது. பான் மீயை அந்த ஊரில் 'வியட்நாம் போ-பாய்' என்றே சொல்வார்கள், நகரத்துப் போ-பாய்க் கடைகள் சில அவர்களிடமே ரொட்டி வாங்குகின்றன. ஆகவே செயின்ட் பாலில் ஒரு வியட்நாம் பேக்கரி ரொட்டியில் வளைகுடா இறாலை வைத்துச் சாப்பிட்டால் அதைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது. நியூ ஆர்லியன்ஸ்காரர்களே செய்கிற காரியம்தான்.

மறுபடி போனபோது கல்லாவில் இருந்த அம்மாவிடம் என் ரொட்டி தொய்வதைச் சொன்னேன். எத்தனை நேரம் உப்பவிடுகிறீர்கள் என்று கேட்டார். இரண்டு மடங்கு ஆகிறவரை என்றேன். தலையை ஆட்டினார். "போதாது. இதுக்கு மேல விட்டா சரிஞ்சிடுமோன்னு பயம் வரும் பாருங்க, அப்போ வைங்க. மாவுல விட்டமின் சி போடறீங்களா?" இல்லை என்றேன். "போடுங்க. இல்லேன்னா அந்த உயரத்துல நிக்காது."

அந்த இரண்டு வார்த்தைதான் எனக்கு இல்லாமல் இருந்தது. கடைசியாக நிலைத்த அளவு இது. பிரெட் ஃப்ளவர் 500 கிராம், தண்ணீர் 310, சர்க்கரை 10, உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 8, வெஜிடபிள் ஷார்ட்டனிங் (வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பு) 15. விட்டமின் சி 50 மில்லிகிராம். அவ்வளவு சின்ன அளவைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை, நிறமும் வாசனையும் சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, பொடித்து, 100 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்கிறேன். அதில் 10 மில்லியை மகளின் காய்ச்சல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் சிரிஞ்சால் உறிஞ்சி மாவில் விட்டால் கணக்குச் சரி. அந்த 10 மில்லியை 310-லேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

மிக்ஸரில் பத்து நிமிடம் பிசைகிறேன். கையில் என்றால் பதினெட்டு. ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இழுபட வேண்டும். முதல் புளிப்பு ஒன்றேகால் மணி நேரம். எங்கள் சமையலறை குளிர்காலத்தில் 66 டிகிரிதான், அதனால் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, ஒரு குவளை வெந்நீரோடு மூடி வைக்கிறேன். உள்ளே 85 வரை வரும். பிறகு 280 கிராம் வீதம் மூன்றாகப் பிரித்து, இருபது நிமிடம் ஓய்வு கொடுத்து, காற்றை நன்றாகத் தட்டி எடுத்து, இறுக்கமாகச் சுருட்டி 15 அங்குலத்துக்கு உருட்ட வேண்டும். முனைகளைக் கூராக்காமல் உள்ளே மடித்துக் கிள்ளிவிட்டால் ஜென்டூசா போட்டதுபோல மழுங்கலாக நிற்கும். 18-க்கு 13 அங்குலத் தட்டில் மூன்றையும் நீளவாக்கில் வைத்து, நடுநடுவே பேக்கிங் காகிதத்தை மடித்து நிறுத்திச் சுவர்போலத் தடுத்தால் பக்கவாட்டில் பரவாது.

இரண்டாவது உப்பல்தான் பேக்கரி அம்மா சொன்ன இடம். ஒன்றரை மணி நேரம். ஆரம்பித்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. விரலால் லேசாகத் தொட்டால் குழி மெதுவாக, பாதிதான் திரும்பி வர வேண்டும். ஒருமுறை இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று விட்டேன், கீறலிட்டதும் பலூன் காற்று இறங்குவதுபோல உட்கார்ந்துவிட்டது. அதனால் இப்போது ஒன்றேகால் மணி நேரத்திலிருந்தே ஐந்து நிமிடத்துக்கொரு முறை தொட்டுப் பார்க்கிறேன். சவர பிளேடால் நடுவே நெடுக ஒரே கீறல், கால் அங்குல ஆழம்.

ஓவன் 450 டிகிரி. கீழ்த்தட்டில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லையும் சேர்த்துக் காயவைத்து, ரொட்டியை உள்ளே வைத்ததும் அதில் ஒரு கப் கொதிநீர் ஊற்றிக் கதவை மூட வேண்டும். ஊற்றும்போது கதவின் கண்ணாடிமேல் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். எட்டு நிமிடம் கழித்து ஆவியைத் திறந்துவிட்டு, தோசைக்கல்லை வெளியே எடுத்து, சூட்டை 400-க்குக் குறைத்து இன்னும் பன்னிரண்டு நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் கதவின் இடுக்கில் மரக்கரண்டியைச் செருகி லேசாகத் திறந்தே வைக்கிறேன். தொய்வுக்கு இதுவும் பெரிய மருந்து, மேலோட்டில் தங்கும் ஈரம் வெளியேறிவிடுகிறது. எடுத்துக் கம்பி வலையில் வைத்த ஒரு நிமிடத்தில் ரொட்டி தானாகவே படபடவென்று வெடிக்கத் தொடங்கும். மேலோட்டில் மயிரிழை விரிசல்கள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்த்த முதல் நாள் கணவரையும் மகளையும் அடுக்களைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுக்குவதில் நேரம்தான் எல்லாம். ரொட்டி ஒரு மணி நேரமாவது ஆறியிருக்க வேண்டும், சாப்பிடும் முன் 350-ல் நான்கு நிமிடம் திரும்பச் சூடாக்க வேண்டும். முழுக்கப் பிளக்காமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்க வெட்டி, இரண்டு பக்கமும் மேயனேஸ். ஊரில் புளூ பிளேட் மேயனேஸ்தான், முட்டையின் மஞ்சள்கரு மட்டும் சேர்த்தது. இங்கே தபாலில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. கீழே பிக்கிள், தக்காளி, மேலே லெட்டூஸ். ஐஸ்பர்க் லெட்டூஸைத் தவிர வேறு எதையும் போட வேண்டாம், அதைக் கத்தியால் நூல்நூலாகச் சீவ வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த இறால் வலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் நான் பொரிக்கவே தொடங்குகிறேன்.

செலவு, ஆறு சாண்ட்விச்சுக்கு: இறால் இரண்டரை பவுண்டு 32.50 டாலர், ரொட்டிக்கான சாமான் 3, எண்ணெய் 5 (வடிகட்டி மூன்று தடவை பயன்படுத்துவதால் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கு), காய்கறியும் பிக்கிளும் 8, மேல்மாவும் மேயனேஸும் 3.50. மொத்தம் 52. ஒன்று 9 டாலருக்குள் முடிகிறது. தெர்மாமீட்டரும் தட்டும் தராசும் தனி, மூன்றும் சேர்த்து 50 டாலருக்குள் வாங்கலாம். வேலைநாளில் ஆசைப்பட்டால் மாவு பிசைவதில்லை. யூனிவர்சிட்டி அவென்யூ பேக்கரியில் ஒன்றரை டாலருக்குப் பத்து அங்குல ரொட்டி கிடைக்கிறது, முனை கூம்பியிருக்கும், கொஞ்சம் இனிப்பும் கூட. ஆனாலும் நகரத்தில் எந்த உணவகத்து ரொட்டியைவிடவும் அது ஊருக்குப் பக்கம். காலையில் வாங்கிக் காகிதப் பையிலேயே வைக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் போட்டால் மத்தியானத்துக்குள் மேலோடு போய்விடும்.

அடுத்த முறை மாற்றப்போவது இரண்டு. காகிதச் சுவருக்குப் பதிலாக, அடியில் துளையிட்ட அரைவட்ட ரொட்டித் தட்டு வாங்க வேண்டும். அடிப்பக்கம் இன்னும் தட்டையாக, மேலே உள்ள அளவுக்கு மொறுமொறுப்பில்லாமல் இருக்கிறது. இன்னொன்று சிப்பி. ஒரு பைன்ட் ஜாடியில் ஓடு நீக்கியது இங்கே கிடைக்கிறது, ஒரு தடவை பொரித்தும் பார்த்தேன். மாவில் புரட்டி ஐந்து நிமிடம் வைத்ததற்கே நீர்விட்டு மாவு உரிந்துபோனது, எண்ணெயும் மேலே தெறித்தது. ஒவ்வொன்றாக ஒற்றி, புரட்டிய கையோடு 375 டிகிரி எண்ணெயில் போட வேண்டும். ஒருவர் புரட்ட, ஒருவர் பொரிக்க இரண்டு பேர் இருந்தால்தான் முடியும்.

மெட்டெரிக்காரர் போன சனிக்கிழமை வந்தார். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தார், ரொட்டியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. போகும்போது மட்டும், மாட்டிறைச்சிக் குழம்பு வைத்த போ-பாய் எப்போது என்று கேட்டார். குழம்பில் ஊறினாலும் கிழியாத ரொட்டி அதற்கு வேண்டும். ஷார்ட்டனிங்கை 10 கிராமுக்குக் குறைத்து, ஓவனில் கூடுதலாக மூன்று நிமிடம் விட்டுப் பார்க்கப்போகிறேன்.